ஓர் அனுமானத்தின் ஆயுள்

நிரலை இயந்திரத்தின் பாஷைக்குப் பெயர்த்துத் தரும் கம்பைலர்களில், நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அதை முழுவதும் படித்து, முழுவதும் பெயர்த்து, பெயர்த்ததைக் கோப்பாக எழுதி வைத்துவிட்டு விலகிக்கொள்கிற இனம் ஒன்று உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இருந்து, எந்தப் பகுதி அடிக்கடி ஓடுகிறது, அதில் எத்தகைய மதிப்புகள் வந்து போகின்றன என்று கவனித்து, வேண்டிய பகுதியை வேண்டிய வேளையில் இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருகிற இனம் மற்றொன்று. பின்னதைத் தொழிலில் உள்ளவர்கள் 'ஜிட்' என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். அதில் நேரும் பிழைகளுள் இரண்டு இனங்களைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன்: ஒரு மதிப்பின் வகையைத் தவறாக அனுமானிப்பதனால் விளைவது, த்ரெட்கள் எனப்படும் பல ஓட்ட இழைகள் ஒரே நிரலுக்குள் ஏக காலத்தில் ஓடுவதனால் விளைவது. பிழைப் பட்டியல்களில் இவை வெவ்வேறு தலைப்புகளின் கீழ் வருகின்றன. திருத்துகிறவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். ஆயினும் இவற்றோடு நெருங்கிப் பழகப் பழக, இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்ற எண்ணமே என்னுள் உறுதிப்பட்டு வருகிறது.

ஓடும்போதே பெயர்ப்பது என்ற யோசனை புதியதல்ல. லிஸ்ப் மொழியைப் பற்றி ஜான் மெக்கார்த்தி 1960-இல் எழுதிய கட்டுரையிலேயே அதன் சாயல் உண்டு. 1968-இல் கென் தாம்ப்ஸன், தேடவேண்டிய சொல் வடிவத்தைத் தேடும் அந்தக் கணத்திலேயே ஐபிஎம் 7094-இன் கட்டளைகளாக மாற்றும் முறையை வெளியிட்டார். 1984-இல் பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும் ஸ்மால்டாக்-80-க்காகச் செய்த வேலையும், அதன்பின் ஸ்டான்ஃபோர்டில் ஸெல்ஃப் என்னும் மொழியைச் சுற்றிக் கூடிய டேவிட் உங்கர், கிரெய்க் சேம்பர்ஸ், உர்ஸ் ஹோல்ஸ்லே முதலானோரின் வேலையுமே இன்று நம் கையிலுள்ள ஒவ்வொரு பிரவுசரின் உள்ளேயும் வாழ்கின்றன.

இந்தக் கம்பைலர்கள் எதிர்கொள்ளும் பிரச்சினையைச் சொல்ல இரண்டு பெயர்களும் ஒரு கூட்டல் குறியும் போதும். ஜாவாஸ்கிரிப்டில் 'அ கூட்டல் ஆ' என்று எழுதினால், இரண்டும் எண்களாயின் அது கூட்டல். ஒன்று சரமாயின் அது ஒட்டுதல். ஒன்று ஆப்ஜெக்ட்டாயின், அதைச் சாதாரண மதிப்பாக்குவதற்காக நிரலாளர் எழுதிய வேறொரு ஃபங்ஷனையே நடுவில் அழைத்து, அது என்ன சொல்கிறதென்று கேட்டுவர வேண்டும். எழுதியவர் இன்ன வகை என்று எங்கும் அறிவிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் இத்தனை சாத்தியங்களையும் விசாரித்துக்கொண்டிருந்தால் நிரல் நகராது. ஆகவே கம்பைலர் ஒரு நம்பிக்கையை மேற்கொள்கிறது: இதுவரை ஆயிரம் முறை எண்களே வந்தன, இனியும் எண்களே வரும் என்று. அந்த நம்பிக்கையின் பேரில் ஒற்றைக் கூட்டல் கட்டளையை எழுதிவிட்டு, அதற்கு முன்னால் ஒரு காவலையும் வைக்கிறது. வந்தது எண்தானா என்று பார்த்து, அல்லவென்றால் வேகமான பாதையைக் கைவிட்டுப் பழைய நிதானமான பாதைக்குத் திரும்பச் சொல்லும் காவல் அது. திரும்புவது என்பது எளிய காரியமல்ல. செதுக்கிச் சுருக்கப்பட்ட கட்டளைகளின் நடுவே, பல ஃபங்ஷன்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைக்கப்பட்டிருக்கும் நிலையில், செதுக்காதிருந்தால் எந்த மாறியில் எந்த மதிப்பு இருந்திருக்குமோ அதையெல்லாம் மறுபடி கட்டி எழுப்பி, நிரல் எதையும் உணராதபடி, அந்த நிதானப் பாதையை நடத்தும் இன்டர்ப்ரெட்டரிடம் ஒப்படைக்க வேண்டும். ஹோல்ஸ்லேயும் சேம்பர்ஸும் உங்கரும் 1992-இல் இதற்கு வழி சொன்னார்கள். இந்தத் துறையின் மிக உயர்ந்த யுக்தி இதுவே என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால், தவறாகப் போகலாம் என்பதை முன்னமே ஒப்புக்கொண்டு, திரும்பும் வழியைக் கட்டி வைத்த பிறகே ஒரு காரியத்தில் இறங்கும் பண்பு இயந்திரங்களுக்குள் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் எழுதப்பட்டதை நான் கண்டதில்லை.

ஆனால் காவலுக்கும் செலவு உண்டு. ஆகையால் கம்பைலர் அடுத்த படிக்குப் போகிறது. சில இடங்களில் காவலே வேண்டாம், இங்கு வேறு வகை வர வழியே இல்லை என்று நிரூபித்துவிட்டால் அந்தக் காவலை எடுத்துவிடலாம். நம் தருக்க நூலாரின் பாஷையில் சொல்வதானால், காவல் என்பது பிரத்தியட்சத்தை நம்புவது. காவலை எடுப்பது அனுமானத்தை நம்புவது. புகையைக் கண்டு நெருப்பை அறிகிறவனுக்குப் பின்னால், எங்கெங்குப் புகை உண்டோ அங்கங்கு நெருப்பு உண்டு என்ற வியாப்தி நிற்கிறது. அந்த வியாப்தியில் ஒரே ஒரு விலக்கு இருந்தாலும் அனுமானம் முழுவதும் சரிந்துவிடும். கம்பைலரின் வகை அனுமானம் சரிவதும் இப்படித்தான். அதை ஓர் உதாரணத்தில் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

கூகுளின் வி8 என்ஜின், 2008-இல் குரோமுடன் வெளிவந்தது. அதன் உயர்நிலைக் கம்பைலரான டர்போஃபேனில், ஒவ்வொரு கணிதச் சார்பும் எத்தகைய விடைகளைத் தரக்கூடும் என்று சொல்லும் ஒரு பகுதி உண்டு. எக்ஸ்பிஎம்1 என்றொரு சார்பு; இயல் மடக்கையின் அடிமானத்தைக் கொடுத்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து ஒன்றைக் கழித்துத் தருவது. மிகச் சிறிய எண்களுக்கும் துல்லியம் கெடாமல் விடை தரவேண்டும் என்பதற்காகவே இதைத் தனிச் சார்பாக வைத்திருக்கிறார்கள். இது தரும் விடை சாதாரண எண்ணாகவோ, 'எண்ணல்லாதது' என்னும் விசேஷ மதிப்பாகவோதான் இருக்கும் என்று அந்தப் பகுதியில் எழுதியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் 1985-இல் வகுக்கப்பட்ட ஐஇஇஇ 754 தரத்தின்படி கணினியின் பின்ன எண்களில் பூஜ்யம் இரண்டு: பிளஸ் பூஜ்யம், மைனஸ் பூஜ்யம். ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் சமம் என்றே இயந்திரம் சொல்லும். ஒன்றை அவற்றால் வகுத்தால் மட்டும் ஒன்று மிகை முடிவிலியையும் மற்றொன்று குறை முடிவிலியையும் தரும். டர்போஃபேனின் கணக்கில் 'சாதாரண எண்' என்ற கூட்டத்துக்குள் மைனஸ் பூஜ்யம் அடங்காது. அதற்குத் தனி இடம். எக்ஸ்பிஎம்1-க்கு மைனஸ் பூஜ்யத்தைக் கொடுத்தாலோ மைனஸ் பூஜ்யமே விடையாகத் திரும்பி வரும். வியாப்தியின் விலக்கு இது.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் இரு பூஜ்யங்களையும் வேறுபடுத்திப் பார்க்கும் ஒப்பீடு ஒன்று இருக்கிறது. எக்ஸ்பிஎம்1-இன் விடை மைனஸ் பூஜ்யமா என்று அந்த ஒப்பீட்டின் மூலம் ஒருவர் கேட்டால், 'ஒருபோதும் இல்லை' என்பது கம்பைலரின் முடிவு. ஓடும்போது கிடைக்கும் உண்மை விடையோ 'ஆம்'. இல்லை என்பதற்கு எண் மதிப்பு 0. ஆம் என்பதற்கு 1. இந்த மதிப்பை ஒரு பெரிய எண்ணால் பெருக்கி, அதை ஓர் அரேயின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தினால், பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே ஆகையால் இந்தச் சுட்டெண் எல்லைக்குள் இருப்பது நிச்சயம் என்று கம்பைலர் தீர்மானித்து, எல்லையைச் சோதிக்கும் காவலை எடுத்துவிடும். ஓடும்போது நடப்பதோ அந்த அரேக்கு வெளியே, வேறு யாருடைய நினைவகத்திலோ போய் எழுதுவது. ஒரு பூஜ்யத்தின் குறியில் ஏற்பட்ட மறதி, இத்தனை படிகள் இறங்கி, பிரவுசரைத் திறந்தவரின் கணினியையே பிறர் கைக்குக் கொடுக்கத்தக்க வாசலாகிவிட்டது. 2018-இல் இது வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. திருத்தம் என்று பார்த்தால், அந்தக் கூட்டத்தோடு மைனஸ் பூஜ்யத்தையும் சேர்த்துக்கொள்வதுதான். ஆனால் அதே கூற்று கம்பைலரில் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. சார்பை ஒரு ஃபங்ஷன் அழைப்பாகப் பார்க்கும் கட்டத்தில் ஒன்று, அதைக் கணிதக் கட்டளையாகக் குறைத்துவிட்ட பிறகு மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே திருத்த வேண்டியிருந்தது.

இங்கேதான் திருத்துகிறவரின் குணம் தெரியும். ஒரு வரியை மாற்றி, ஒரு சோதனையைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். அறிக்கையில் சொன்ன பிழை தீர்ந்துவிடும். நல்ல கைகள் அவ்வளவோடு நிற்பதில்லை. சைன், டான், கனமூலம் ஆகிய இவற்றிலும் மைனஸ் பூஜ்யத்தைக் கொடுத்தால் மைனஸ் பூஜ்யம் வருமே, அவற்றுக்கு என்ன எழுதியிருக்கிறோம் என்று அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை மறுபடி படிப்பார்கள்; முடிவிலியைக் கொடுத்தால் என்ன, எண்ணல்லாததைக் கொடுத்தால் என்ன என்று ஒவ்வொன்றையும் கேட்பார்கள். ஒரு பிழையை அதன் குடும்பத்தோடு சேர்த்து அறியும் இந்தப் பொறுமையைப் பாராட்டுகிற வழக்கம் நம் தொழிலில் குறைவு; புதிதாக ஒன்றைச் செய்தவருக்கு மேடை கிடைக்கிறது, இருந்த பட்டியலை நிதானமாகப் படித்தவருக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

2019-இல் வி8 குழு மேலும் ஒரு படி சென்றது. அரேயின் எல்லைச் சோதனை தேவையற்றது என்று அனுமானம் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் அந்தச் சோதனையை எடுப்பதில்லை, அது தோற்றால் நிரலையே அங்கே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார்கள். அதே ஆண்டு ஜூனில், ஃபயர்பாக்ஸின் ஜிட் கம்பைலர் அரேயின் கடைசி உறுப்பை எடுக்கும் 'பாப்' ஃபங்ஷனைக் கையாண்ட விதத்தில் இருந்த வகைக் குழப்பம், மெய்யான தாக்குதல்களில் பயன்படுத்தப்பட்டு, 67.0.3 பதிப்பில் அவசரமாகத் திருத்தப்பட்டது. இத்தகைய சூழ்நிலையில், நிரூபித்தாயிற்று என்று சொன்ன பிறகும் காவலை வைத்திருப்பது வேகத்துக்கு நஷ்டம், கோட்பாட்டுக்கு இழுக்கு என்று வாதித்தவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. நிரூபணம் செய்ததும் மனிதர் எழுதிய நிரலே ஆகையால், அது பிழைபடும் சாத்தியத்தையும் கணக்கில் சேர்ப்பதுதான் விவேகம்.

இதுவரை சொன்ன பிழையில் காலத்துக்கு இடமில்லை. எக்ஸ்பிஎம்1-ஐப் பற்றிய கூற்று, எழுதிய அன்றே பொய், என்றென்றும் பொய். ஆனால் சொன்ன வேளையில் மெய்யாயிருந்து, பயன்படும் வேளையில் பொய்யாகிப்போகும் கூற்றுகளும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போதுதான் இரண்டு இனப் பிழைகளின் உறவு புலப்படத் தொடங்குகிறது. ஆப்ஜெக்ட்டைச் சாதாரண மதிப்பாக்க நிரலாளரின் ஃபங்ஷனை நடுவில் அழைக்க நேரும் என்று முன்பு சொன்னேன். கம்பைலர் ஓர் அரேயின் அமைப்பைச் சோதித்துத் திருப்தியடைகிறது. அடுத்து அந்த ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது. அது அதே அரேயின் நீளத்தையோ அமைப்பையோ மாற்றிவிட்டுத் திரும்புகிறது. கம்பைலர் எழுதிய கட்டளையோ பழைய சோதனையை நம்பி மேலே செல்கிறது. பிஹெச்பி மொழியில் இதைவிட நுட்பமான வாசல் ஒன்று உண்டு. வரையறுக்காத மாறியைத் தொட்டால் எச்சரிக்கை எழும். அந்த எச்சரிக்கையைக் கையாள நிரலாளர் தாமே ஒரு ஃபங்ஷனை எழுதி வைத்திருக்கலாம். ஒற்றைக் கட்டளையின் பாதி வழியில் அது ஓடி, அந்தக் கட்டளை கையில் வைத்திருக்கும் அரேயையே மாற்றிவிடலாம். இங்கே த்ரெட் ஒன்றுதான். எனினும் சோதித்த கணத்துக்கும் பயன்படுத்திய கணத்துக்கும் நடுவே உலகம் மாறிவிட்டது.

இனி, அந்த நடுவில் நுழைவது நம்முடைய நிரலே அழைத்த ஃபங்ஷனாக இல்லாமல், அழைப்பே இல்லாமல் எந்தக் கணமும் நுழையக்கூடிய வேறொரு த்ரெட்டாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஜாவாவின் ஹாட்ஸ்பாட் 1999-இல் வந்தது. ஸெல்ஃப் பரம்பரையின் நேர் வாரிசு. அதில் கம்பைல் செய்வதே தனி த்ரெட்டின் வேலை. பயன்பாட்டு நிரல் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்க, பின்னணியில் அது பெயர்த்துக்கொண்டிருக்கும். அது செய்யும் அனுமானங்களுள் ஒன்று இப்படிப்பட்டது: இந்த வகுப்புக்கு இப்போது உபவகுப்பு எதுவும் ஏற்றப்படவில்லை, ஆகவே இந்த மெதட் அழைப்பு போய்ச் சேரக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, அதை நேராகவே அழைத்துவிடலாம், உள்ளேயே கரைத்தும்விடலாம். கூற்று முற்றிலும் மெய். ஆனால் கம்பைல் முடிவதற்குள் மற்றொரு த்ரெட் ஒரு புதிய உபவகுப்பை ஏற்றி, அந்த மெதட்டை அதில் மாற்றி எழுதியிருக்கலாம். நிலம் வாங்குகிறவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார், அதில் ஒன்றுமில்லை, ஆனால் சான்று சொல்வது அது எடுக்கப்பட்ட தேதி வரைக்குமான நிலவரத்தை மட்டுமே, கிரயப் பத்திரம் பதிவாகும் நாளுக்குள் அதே நிலத்தின்மேல் ஓர் அடமானம் பதிவாகியிருக்கலாம். விவரமறிந்தவர் பதிவுக்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொள்வார். ஹாட்ஸ்பாட்டும் அதையே செய்கிறது. கம்பைலர் தான் சார்ந்திருக்கும் கூற்றுகளையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டே வருகிறது. கட்டளைகளை அமலுக்குக் கொண்டுவரும் கணத்தில், வேறு யாரும் வகுப்புகளின் மரத்தை மாற்றாதபடி ஒரு லாக்கைப் பிடித்துக்கொண்டு, பட்டியலிலுள்ள ஒவ்வொரு கூற்றையும் மறுபடி சரிபார்க்கிறது. ஒன்று பொய்த்திருந்தாலும் செய்த வேலை முழுவதையும் தூக்கி எறிகிறது. அமலுக்கு வந்த பிறகு பொய்த்தால், அந்தக் கட்டளைகளுக்குள் இனி யாரும் புதிதாக நுழையாதபடி அடைத்து, உள்ளே இருப்பவர்களை நிதானப் பாதைக்கு இறக்கிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் லாக்கைச் சற்று முன்னதாக விட்டுவிட்டால், பட்டியலில் ஒரு கூற்றை எழுத மறந்துவிட்டால், என்ன நேருமென்று யோசித்துப் பாருங்கள். நிரல் நாள்கணக்கில் சரியாகவே ஓடும். ஏதோ ஒரு நாள், இரண்டு த்ரெட்கள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் சந்தித்த சில நுண்விநாடிகளில் மட்டும், தவறான மெதட் அழைக்கப்பட்டு எங்கோ ஒரு மூலையில் நிரல் விழும். விழுந்த இடத்துக்கும் பிழை நடந்த இடத்துக்கும் தொடர்பே தென்படாது. இது த்ரெட் பிழையா, வகைப் பிழையா? பட்டியலிடுகிறவர் எந்தத் தலைப்பின் கீழ் போட்டாலும், நடந்தது ஒன்றுதான்: வகையைப் பற்றிய ஒரு கூற்று, தன் ஆயுள் முடிந்த பிறகும் நம்பப்பட்டுவிட்டது.

கம்பைலரின் மேல் குற்றமில்லாத சந்தர்ப்பங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தொண்ணூறுகளில் ஜாவா நிரலாளர்கள் ஒரு பொருளை முதல் தேவையின்போது மட்டும் உண்டாக்குவதற்காக, லாக் இல்லாமல் ஒருமுறையும் லாக்கைப் பிடித்த பிறகு ஒருமுறையும் சோதிக்கும் ஒரு முறையைக் கையாண்டு வந்தார்கள். ஸிமான்டெக்கின் ஜிட் கம்பைலர், பொருளுக்கு இடம் ஒதுக்கியவுடன் அதன் முகவரியைப் பொது மாறியில் எழுதிவிட்டு, அதன்பிறகே பொருளின் உள்ளடக்கத்தை நிரப்பியது. ஒரே த்ரெட்டில் பார்த்தால் எந்த வேறுபாடும் இல்லை; விடை அதேதான். மற்றொரு த்ரெட் அந்த இடைவெளியில் பார்த்தால், பொருள் இருக்கிறது என்று கண்டு, பாதி கட்டிய பொருளை எடுத்துக்கொண்டு போய்விடும். அன்றைய விதிகளின்படி கம்பைலர் செய்தது தவறே அல்ல. விதிகளே தெளிவாக இல்லை. 2004-இல் ஜேஎஸ்ஆர் 133 என்ற பெயரில் ஜாவாவின் நினைவக விதிகள் திருத்தி எழுதப்பட்டு ஜாவா 5-இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான், எந்த எழுத்து யாருக்கு எப்போது தெரியவேண்டும் என்பதற்கு ஒரு நிர்ணயம் ஏற்பட்டது.

பிஹெச்பியில் நிலைமை வேறு விதம். 2020 நவம்பர் 26-இல் வந்த 8.0 பதிப்பில் டிமித்ரி ஸ்டோகோவ் முதலியோரின் உழைப்பால் அதற்கு ஜிட் கிடைத்தது. பெரும்பாலான தளங்களில் பிஹெச்பி தனித்தனி ப்ராஸஸ்களாக ஓடுவதால், த்ரெட்களுக்கென்று கட்டப்படும் அதன் மற்றொரு வடிவம் குறைவாகவே புழங்கி, அதிலுள்ள பிழைகள் வெகுநாள் உறங்கிக் கிடக்க இடமிருந்தது. ஓர் உதாரணம் போதும். தனி ப்ராஸஸில், நிரலின் பொது நிலை இருக்கும் முகவரி ஒன்றே ஆகையால், ஜிட் அந்த முகவரியை ஓர் எண்ணாகவே கட்டளைக்குள் பதித்துவிடலாம். த்ரெட்களில் ஒவ்வொன்றுக்கும் தனி நிலை, தனி முகவரி. ஆனால் ஒரு த்ரெட் பெயர்த்த கட்டளைகளை எல்லா த்ரெட்களும் பகிர்ந்துகொள்கின்றன. பெயர்த்த த்ரெட்டின் முகவரி ஒரே ஓர் இடத்தில் பதிந்துபோனாலும், மற்ற த்ரெட்கள் அந்தக் கட்டளைக்கு வரும்போதெல்லாம் அதன் வீட்டுக்குள் போய் எழுதிவிட்டு வரும்.

இன்னொன்று, கட்டளைகள் இருக்கும் நினைவகப் பக்கத்தைப் பற்றியது. பாதுகாப்புக்காக, எழுதக்கூடிய பக்கம் இயக்கக்கூடியதாகவும், இயக்கக்கூடிய பக்கம் எழுதக்கூடியதாகவும் ஏக காலத்தில் இருக்கலாகாது என்பது நல்ல விதி. ஜிட் புதிய கட்டளைகளை எழுதப் பக்கத்தைத் திறக்கும். எழுதி முடித்ததும் அடைத்து, இயக்க அனுமதிக்கும். ஆனால் லினக்ஸ் போன்ற அமைப்புகளில் இந்த அனுமதி மாற்றம் ப்ராஸஸ் முழுமைக்கும் பொதுவானது. ஒரு த்ரெட் எழுதத் திறந்த கணத்தில் அதே பக்கத்தில் வேறொரு த்ரெட் ஓடிக்கொண்டிருந்தால், அது அங்கேயே விழுந்துவிடும். ஆகவே பிஹெச்பியின் த்ரெட் வடிவத்தில், எழுதத் திறக்கும்போதும் இயக்க அனுமதியை எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். ஏன் அப்படி என்று மூல நிரலிலேயே குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆப்பிளின் புதிய ப்ராஸஸர்களில் இந்த அனுமதியை த்ரெட்டுக்குத் த்ரெட் தனியாக மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு விதியை இன்னொரு விதியின் பொருட்டு விட்டுக்கொடுக்க நேர்ந்ததை ஒளிக்காமல், அடுத்து வருகிறவர் படிக்கும் இடத்திலேயே எழுதி வைத்த அந்தக் கையின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

இப்படிப்பட்ட பிழைகளைத் தேடுவதில் உள்ள சிரமத்தைத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு உணர்த்துவது கடினம். சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு வரியை அச்சிடச் சொன்னால், அச்சிடும் நேரத்தினாலேயே த்ரெட்களின் சந்திப்பு கலைந்து பிழை மறைந்துவிடும். த்ரெட்களின் மோதலைக் கண்டுபிடிக்கவென்றே செய்த த்ரெட்ஸானிடைஸர், தான் கம்பைல் செய்த நிரலுக்குள் கண்காணிப்பைப் புகுத்துவதால் வேலை செய்கிறது. ஜிட் ஓடும்போது பிறப்பித்த கட்டளைகளுக்குள் என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது. மொஸில்லாவில் பிறந்த ஆர்ஆர் என்னும் கருவி, ஓட்டத்தைப் பதிவு செய்துகொண்டு, விழுந்த இடத்திலிருந்து காலத்தில் பின்னோக்கிச் செல்ல வழி தருகிறது. 2016-இல் அதில் சேர்க்கப்பட்ட ஒரு முறை, த்ரெட்களின் வரிசையை வேண்டுமென்றே தாறுமாறாக்கி, அபூர்வமான சந்திப்புகளை வலிந்து வரவழைக்கிறது. சொன்ன கூற்று எந்தக் கணத்தில் பொய்யாயிற்று என்று பின்னோக்கி நடந்து கண்டுபிடிக்கும் அந்த அனுபவம், துப்பறிவதைவிட வரலாறு எழுதுவதற்கே நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிஹெச்பி ஜிட்டை ஏற்றுக்கொண்ட அதே 2020 நவம்பரில், ஒன்பது நாள் முன்னதாக வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 83, எதிர்த் திசையில் ஓர் அடி வைத்தது. அதன் ஸ்பைடர்மங்கி என்ஜினில் 2011 முதல் ஒரு பெரிய வகை அனுமான அமைப்பு இருந்தது. பிரையன் ஹாக்கெட்டும் ஷு-யு குவோவும் அதைப் பற்றி 2012-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. நிரல் முழுவதிலும் எந்தப் பொருளின் எந்தப் பண்பில் எந்தெந்த வகைகள் வந்தன என்று ஒரு வலையாகப் பின்னி வைத்து, எங்கேனும் புதிய வகை வந்தால் அதைச் சார்ந்த கட்டளைகளையெல்லாம் செல்லாதவையாக்கும் அமைப்பு அது. அதைக் கம்பைலரின் அஸ்திவாரத்திலிருந்து எடுத்துவிட்டு, வார்ப் என்று பெயரிட்ட புதிய அமைப்பைக் கொண்டுவந்தார்கள். வார்ப் அந்த வலையைக் கேட்பதில்லை. கீழ்நிலையில் நிரல் ஓடும்போது ஒவ்வோர் இடத்திலும் மெய்யாக என்ன வகை வந்தது என்று அங்கங்கே எழுதி வைத்த குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் காவலை வைக்கிறது. அனுமானத்திலிருந்து பிரத்தியட்சத்துக்குத் திரும்பிய பாதை அது. சில பழைய வேகச் சோதனைகளில் அதற்கு விலையும் கொடுத்தார்கள்.

எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பழைய அமைப்பில், அனுமான வலை ஓடும் நிரலோடு பின்னிக் கிடந்ததால், கம்பைலின் முதற் கட்டத்தை முதன்மை த்ரெட்டிலேயே செய்ய வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் பயனரின் பக்கம் காத்திருக்கும். வார்ப்பில் முதன்மை த்ரெட் செய்வது, வேண்டிய குறிப்புகளையெல்லாம் ஒருமுறை படியெடுத்து ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுப்பது மாத்திரமே. அந்த மூட்டை அதன்பின் மாறாது. பின்னணி த்ரெட் அதை மட்டுமே பார்த்து மற்ற வேலையை முடிக்கிறது. வகையைப் பற்றிய கேள்விக்குக் கொடுத்த விடையே த்ரெட்டைப் பற்றிய கேள்விக்கும் விடையாகிவிட்டது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. நிரந்தரமான கூற்று என்று ஒன்றைத் தேடாமல், இன்ன கணத்தில் இப்படி இருந்தது என்று தேதியிட்ட கூற்றை எடுத்துக்கொண்டு, பயன்படுத்தும் வேளையில் அது இன்னும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளும் ஒழுங்கு அது.

இந்தக் கேள்வி பைதானின் வாசலுக்கும் வந்தது. 2022-இல் வந்த 3.11 பதிப்பிலிருந்து, அதன் இன்டர்ப்ரெட்டர் தான் கண்ட வகைகளுக்கேற்பத் தன் கட்டளைகளைத் தானே மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பதிப்பெண் உண்டு, அந்த எண் மாறவில்லை என்றால் வேகமான பாதை, மாறினால் பழைய பாதை. 2024 அக்டோபரில் வந்த 3.13, சோதனை முயற்சியாக ஒரு ஜிட்டையும் கொண்டுவந்தது. ஸாம் க்ராஸின் யோசனைப்படி, எல்லா த்ரெட்களையும் ஒவ்வொன்றாகவே ஓடவைத்த பழைய பொது லாக்கை நீக்கிய தனி வடிவத்தையும் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பதிப்பில் இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியவில்லை. லாக்கில்லாத வடிவத்தில் ஜிட் ஓடவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. பொது லாக் இருந்தவரையில் பதிப்பெண்ணைச் சோதிப்பதற்கும் அதை நம்பிச் செயல்படுவதற்கும் நடுவே வேறொருவர் நுழைய இடமில்லை; அந்த லாக் கம்பைலரின் அனுமானங்களுக்கெல்லாம் கேட்காமலே ஆயுளை நீட்டித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது போன பிறகு, இந்த எண்ணைப் பார்த்ததும் அடுத்த கட்டளைக்குள் வேறொரு த்ரெட் இந்த வகுப்பின் மெதட்டை மாற்றினால் என்ன செய்வது, பழைய மெதட்டை இன்னும் யாரோ ஓட்டிக்கொண்டிருக்கையில் அதன் நினைவகத்தை எப்போது விடுவிப்பது என்று, அந்த ஜிட் எழுதும் ஒவ்வொரு காவலுக்கும் தனித்தனியே விடை எழுதியாக வேண்டும். அந்த விடைகளில் பல அப்போது எழுதப்படவில்லை.